கன்டம்: பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு தொடரும் அதன் 45 ஆண்டுக் கிளைகளும்

கேள்வி இது: “கன்டம் பார்க்கலாம் என்று தேடினால் ஸீட்டா, விங், சீட், யூனிகார்ன் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் ஒரே கதையா? எது மூலம், எது கிளை? முதல் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் இவ்வளவு காலம் எப்படி ஓடுகிறது?”

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ அனிமே (அனிமேஷன்) வரிசை ஒரே கதை அல்ல. 1979-இல் வந்த முதல் தொடரும், அதே காலக்கோட்டில் முன்னும் பின்னும் நடப்பவையும் சேர்ந்து ‘யுனிவர்சல் செஞ்சுரி’ என்ற ஓர் உலகம். 1994 முதல் வந்த ஜி, விங், எக்ஸ், சீட், டபுள் ஓ போன்றவை ஒவ்வொன்றும் தனி உலகம். ஒன்றைப் பார்க்காமல் இன்னொன்றைப் பார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பவை மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ஓர் இயந்திரம், அதை ஓட்டும் ஓர் இளைஞன், நல்லவர் கெட்டவர் என்று கோடு கிழிக்க முடியாத ஒரு போர்.

எப்படி ஓடுகிறது என்பதற்குத்தான் நீண்ட பதில் தேவை. என் பார்வையில் கன்டத்தின் முழு வரலாறும் ஒரு இழுபறியின் வரலாறு. பொம்மை விற்றாக வேண்டிய நிறுவனம் ஒரு பக்கம், போர் மனிதர்களை என்ன செய்கிறது என்று சொல்லியே தீர வேண்டும் என்றிருந்த படைப்பாளிகள் மறுபக்கம். இருவரில் யாராவது ஒருவர் முழுதாக ஜெயித்திருந்தால் 1980-லேயே கதை முடிந்திருக்கும்.

எழுபதுகளின் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ரோபோ தொடர்கள் எப்படித் தயாராயின என்று தெரிந்தால்தான் இது புரியும். பொம்மை நிறுவனம் பணம் போடும். அந்தப் பணத்தில் ஸ்டுடியோ வாரம் ஓர் அத்தியாயம் எடுக்கும். அதில் நாயக ரோபோ வர வேண்டும், பாகங்கள் பிரிந்து சேர வேண்டும், புது ஆயுதம் எடுக்க வேண்டும், அந்த வாரத்து எதிரியை உடைக்க வேண்டும். சனிக்கிழமை பார்த்த பையன் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கதை என்பது அந்தக் கணக்குக்குள் அடங்கினால் போதும்.

இந்தக் கணக்குக்குள் இருந்துகொண்டே அதைக் கலைத்தவர் யோஷியுகி டோமினோ. 1941-இல் பிறந்தவர், முஷி புரொடக்ஷன் என்ற அனிமேஷன் ஸ்டுடியோவில் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரின் அத்தியாயங்களை எழுதியும் இயக்கியும் தொழில் கற்றவர். அதே முஷியிலிருந்து வெளியேறிய சிலர் 1972-இல் தொடங்கியதுதான் சன்ரைஸ் ஸ்டுடியோ. 1977-இல் அந்த ஸ்டுடியோவுக்காக டோமினோ இயக்கிய ‘ஸாம்பாட் 3’ தொடரில், நாயகர்கள் எதிரியோடு சண்டையிடுவதால் ஊர் அழிகிறது, ஊர் மக்கள் நாயகக் குடும்பத்தையே வெறுக்கிறார்கள், கடைசியில் அந்தக் குடும்பத்தில் பெரும்பாலோர் செத்துப்போகிறார்கள். மாலை நேரத்துக் குழந்தைகள் நிகழ்ச்சி அது. பணம் போட்டது குளோவர் என்ற பொம்மை நிறுவனம். கன்டத்துக்கும் அவர்கள்தான் முதல் விளம்பரதாரர்.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1977-இல் ‘யமாட்டோ’ என்ற விண்வெளிப் போர்க்கப்பல் தொடரைச் சுருக்கித் திரைப்படமாக வெளியிட்டபோது, திரையரங்க வாசலில் வரிசை கட்டியவர்கள் குழந்தைகள் அல்லர். பதின்வயதினரும் கல்லூரி மாணவர்களும். அனிமேக்கு வளர்ந்த ரசிகர்கள் உண்டு என்று அப்போதுதான் துறை கண்டுகொண்டது. அந்த வயதினரை மனதில் வைத்து சன்ரைஸ் ஒரு விண்வெளிக் கதையை யோசித்தது. தொடக்கக் கட்டப் பெயர்களில் ஒன்று ‘கன்பாய்’. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனின் நாவலில் வரும், சிப்பாய் உடம்பில் அணிந்துகொள்ளும் இயந்திரக் கவசத்திலிருந்து ஒரு பொறி கிடைத்தது. விளம்பரதாரருக்கு உயரமான ரோபோ வேண்டும் என்பதால் அந்தக் கவசம் 18 மீட்டராக வளர்ந்தது. பாத்திரங்களை வரைந்தவர் யோஷிகாசு யாசுஹிகோ, இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஓகவாரா.

1979 ஏப்ரல் 7, சனிக்கிழமை மாலை 5.30 மணிக்கு நகோயா தொலைக்காட்சியின் தயாரிப்பாக ‘மொபைல் சூட் கன்டம்’ தொடங்கியது. அதன் முதல் சில நிமிட வர்ணனையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். மனிதர்கள் பூமியைச் சுற்றிப் பிரம்மாண்ட உருளைகளைக் கட்டி அதற்குள் குடியேறி அரை நூற்றாண்டு ஆகிறது. பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் குடியேற்றம் ஜியோன் என்ற பெயரில் பூமிக் கூட்டமைப்புக்கு எதிராக விடுதலைப் போரைத் தொடங்குகிறது. ஒரு மாதத்துக்குள் இரு தரப்புமாகச் சேர்ந்து மனிதகுலத்தின் பாதியைக் கொன்றுவிடுகின்றன. கவனியுங்கள், ‘இரு தரப்பும்’. குழந்தைகள் நிகழ்ச்சியின் முதல் அத்தியாயத்திலேயே நம் பக்கமும் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். அந்த உருளைக் குடியேற்றங்களும் கற்பனையில் உதித்தவை அல்ல, அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ’நீல் எழுபதுகளில் முன்வைத்த திட்டத்திலிருந்து எடுத்தவை.

நாயகன் அமுரோ ரேக்கு வயது 15. வீட்டை விட்டு வெளியே வராமல் கணினிப் பாகங்களோடு உட்கார்ந்திருப்பவன். தன் ஊர் தாக்கப்படும்போது கையில் கிடைத்த கையேட்டைப் புரட்டிக்கொண்டே கன்டத்தில் ஏறுகிறான். வீரம் காட்ட அல்ல, வேறு வழியில்லாமல். பிறகு ஏற மறுக்கிறான், அடி வாங்குகிறான், தான் சேர்ந்த போர்க்கப்பலை விட்டு ஓடிப்போகிறான். 13-ஆம் அத்தியாயத்தில் பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த தாயைச் சந்திக்கிறான். தாயின் கண்ணெதிரிலேயே ஓர் எதிரிச் சிப்பாயைச் சுடுகிறான். ‘அவனும் ஒரு மனிதன்தானே’ என்று அவள் பதறுகிறாள். சுடாவிட்டால் நான் செத்திருப்பேன் என்கிறான் மகன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, இருவரும் சேர வழியில்லை. மகன் கப்பலுக்கே திரும்பிப் போகிறான். முழுத் தொடரிலும் ஒரே ஒரு அத்தியாயம் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எதிரிப் பக்கமும் அப்படித்தான். ஜியோனின் ஸாக்கு என்ற இயந்திரம் அரக்கன் அல்ல. தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் தயாராகும் ஒரு ராணுவத் தளவாடம். அதற்குள் இருப்பவனுக்குப் பெயர் இருக்கிறது, ஊரில் வீடு இருக்கிறது. முகமூடி அணிந்த ஷார் அஸ்னாபிள் எதிரிப் படையின் நட்சத்திர விமானி, ஆனால் அவன் உண்மையில் பழிவாங்க நினைப்பது தன் பக்கத்தை ஆளும் ஸாபி குடும்பத்தைத்தான். அமுரோவுக்கும் ஷாருக்கும் இடையிலான பகை பிற்கால கன்டங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளை ரோபோவை ஓட்டும் சிறுவனுக்கு எதிரே ஒரு முகமூடிக்காரன் நிற்பதைப் பார்த்தால் அதன் வேர் இங்கே இருக்கிறது.

இழுபறி திரையிலேயே தெரியும். வெண்மை மேலோங்கிய இயந்திரத்தை விரும்பினார்கள் படைப்பாளிகள், கடையில் எடுபட வேண்டும் என்று சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஏறின. நடுவில் ‘ஜி ஆர்மர்’ என்ற துணை வாகனம் திடீரென்று வந்து சேரும். கதைக்கு அது தேவையே இல்லை, பொம்மைப் பெட்டிக்குத் தேவைப்பட்டது. அப்படியும் விற்பனை தேறவில்லை. டோக்கியோ வட்டாரத்தில் பார்வையாளர் விகிதம் சராசரியாக 5 சதவீதம் அளவில்தான் இருந்தது. 52 அத்தியாயங்களாகத் திட்டமிட்ட தொடர் 43-ஆகக் குறைக்கப்பட்டு 1980 ஜனவரி 26 அன்று முடிந்தது. பிற்பகுதியில் யாசுஹிகோ வேறு நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார், படத்தின் தரம் இறங்கியது கண்ணுக்கே தெரியும். நீங்கள் கேள்விப்பட்ட ‘நிறுத்தப்பட்ட கதை’ இதுதான். ஆனால் குறைக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்ததால் முடிவைச் சுருக்கி, அதே சமயம் முறையாக முடித்தார்கள். அறுந்து தொங்கும் தொடர் அல்ல அது.

திருப்பம் மூன்று இடங்களிலிருந்து வந்தது. முதலாவது, அப்போது புதிதாய் முளைத்திருந்த அனிமே இதழ்கள். உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ரசிகர்கள் அவற்றில் கன்டத்தின் அரசியலையும் காலக்கோட்டையும் பக்கம் பக்கமாக அலசினார்கள். இரண்டாவது, மறுஒளிபரப்பு. மூன்றாவதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது: பண்டாய் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடல்.

குளோவரிடம் இருந்தது பொம்மைக்கான உரிமை. ஒட்டிச் சேர்த்துச் செய்யும் மாடல் கிட்டுக்கான உரிமையைப் பண்டாய் வாங்கியது. யமாட்டோ கப்பல் மாடல்களை விற்ற அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1980 ஜூலையில் 1/144 அளவு கன்டம் கிட் வெளியானது, விலை 300 யென். பள்ளிப் பையனின் கைச்செலவுப் பணத்தில் அடங்கும் விலை. ‘கன்பிளா’ என்று இன்று உலகம் முழுக்க அழைக்கப்படுவது அங்கிருந்து தொடங்குகிறது. நாயக ரோபோவோடு நிற்காமல் ஸாக்குவையும் அவர்கள் போட்டார்கள், எதிரியும் விற்றான். போரில் தளவாடம் என்றால் ஒன்று போதாது, படையாக வேண்டும். ஆக ஒரே கிட்டை மூன்று, நான்கு என்று வாங்கி, வெவ்வேறு வண்ணம் பூசி, துருவும் சேறும் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். கதையின் யதார்த்தமே விற்பனையைப் பெருக்கியது. குழந்தைக்குப் புரியாது என்று குளோவர் அஞ்சிய அதே குணம்தான் பண்டாய்க்கு லாபமானது. 1982 ஜனவரியில் சிபா மாகாணத்தில் ஒரு கடையில் கன்பிளா வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் விழுந்து காயம்பட்டது ஜப்பானில் பெரிய செய்தியானது. குளோவரோ 1983-இல் திவாலானது. இதுவரை வெளியான கன்பிளா பெட்டிகளின் எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டிவிட்டது.

அடுத்து தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்களாக வெளியிட்டார்கள்: 1981 மார்ச், 1981 ஜூலை, 1982 மார்ச். முதல் படத்துக்கு முன், 1981 பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலைய வாசலில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். ‘அனிமேயின் புதிய நூற்றாண்டு’ என்று அங்கே ஒரு பிரகடனம் வாசிக்கப்பட்டது. படங்களில் டோமினோ செய்த ஒரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. பொம்மைக்காகத் திணிக்கப்பட்ட ஜி ஆர்மரைத் தூக்கிவிட்டு, கதைக்குப் பொருந்தும் ஒரு சிறு போர் விமானத்தை அந்த இடத்தில் வைத்தார். மூன்றாவது படத்தில் உடல்நலம் தேறி வந்த யாசுஹிகோ பெரும்பகுதியைப் புதிதாக வரைந்தார். முதல் தொடரின் 43 அத்தியாயங்களுக்கு நேரமில்லாதவர்கள் இந்த மூன்று படங்களைப் பார்த்தாலே போதும் என்று சொல்வது அதனால்தான்.

இனி கிளைகள். பலர் ஸீட்டாவைத்தான் முதல் கிளை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1979-லேயே டோமினோ எழுதத் தொடங்கிய நாவல் வடிவத்தில் அமுரோ இறந்தேவிடுகிறான். மூல ஆசிரியரே முதல் ஆண்டிலேயே தன் கதைக்கு வேறொரு முடிவைக் கொடுத்துவிட்டார். எது அதிகாரபூர்வமானது என்ற சண்டை கன்டத்தோடு கூடவே பிறந்தது.

அடுத்தது இன்னும் சுவாரசியமானது. முதல் தொடரில் வந்த இயந்திரங்கள் எல்லாம் கிட்டாகிவிட்டன, விற்பனை மட்டும் குறையவில்லை. என்ன செய்வது? திரையில் வராத இயந்திரங்களைப் போடலாம் என்று 1983-இல் ‘எம்எஸ்வி’ (மொபைல் சூட் வேரியேஷன்) என்ற வரிசை தொடங்கியது. ஓகவாரா பாலைவன ஸாக்கு, நீர்மூழ்கி ஸாக்கு, அதிவேக ஸாக்கு என்று வரைந்தார். ஒவ்வொன்றையும் ஓட்டிய வீரன் யார், எந்தப் போர்முனையில் நின்றான் என்று கிட்டோடு வரும் தாளிலும் இதழ்களிலும் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதப்பட்டன. ஒரு நொடிகூடத் திரையில் வராமலே அந்த வீரர்களுக்கு ரசிகர்கள் உருவானார்கள். அப்படிப் பிறந்த ஜானி ரைடன் என்பவனைத் தேடும் கதை 2010-இல் தனி மாங்காவாகவே (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடங்கியது. கன்டத்தின் கிளைக்கதை மரபு திரைக்கதையிலிருந்து வளர்ந்ததைவிட இந்த மாடல் பெட்டித் தாள்களிலிருந்து வளர்ந்ததுதான் அதிகம். பெரிய கதையின் ஓரத்தில் இன்னொரு சிப்பாய் இருந்திருப்பான், அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் பழக்கத்தை எம்எஸ்வி ஏற்படுத்திவிட்டது. அதே சமயத்தில் ‘பிளாமோ கியோஷிரோ’ என்ற சிறுவர் மாங்கா, கன்பிளாக்களையே மோதவிடும் பையன்களின் கதையைச் சொன்னது. 30 ஆண்டு கழித்து 2013-இல் வந்த ‘பில்டு ஃபைட்டர்ஸ்’ தொடருக்கு அதுதான் மூதாதை.

1985-இல் ‘ஸீட்டா கன்டம்’. ஏழு ஆண்டு கழித்து நடக்கும் கதை. ஜெயித்த பூமிக் கூட்டமைப்புக்குள்ளேயே டைட்டன்ஸ் என்ற அடக்குமுறைப் படை உருவாகியிருக்கிறது. பழைய எதிரி ஷார் இப்போது வேறு பெயரில் நம் பக்கம் நிற்கிறான். ஜெயித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கும் துணிவு எல்லாத் தொடர்ச்சிக் கதைகளுக்கும் வருவதில்லை. அதன் நாயகன் கமீல் கடைசியில் மனம் சிதைந்துபோகிறான். 50 அத்தியாயங்களும் கனமானவை, சில இடங்களில் குழப்பமானவையும்கூட. ஆனால் யுனிவர்சல் செஞ்சுரியின் உச்சம் அதுதான் என்பது என் முடிவு. அதையடுத்து வந்த ‘டபுள் ஸீட்டா’ சிரிப்பும் கூத்துமாகத் தொடங்கி, தடுமாறி, பிற்பாதியில்தான் நிதானத்துக்கு வருகிறது. 1988 மார்ச்சில் வந்த ‘ஷார்ஸ் கவுன்ட்டர்அட்டாக்’ திரைப்படம் அமுரோ, ஷார் இருவரின் கணக்கையும் தீர்த்துவைத்தது. ஒரு விண்கல்லைப் பூமிமேல் இறக்கி மனிதர்களை விண்வெளிக்கு விரட்டப் பார்க்கிறான் ஷார். இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் மன்னிக்கவே இல்லை.

இதே காலத்தில் பெரிய தலையும் குட்டி உடம்புமாக ‘எஸ்டி கன்டம்’ வந்தது. கோஜி யோகோய் வரைந்த இந்தக் குட்டி உருவங்கள் சின்னப் பொம்மைகளாகவும் அட்டைகளாகவும் பரவி, சாமுராய், ஐரோப்பிய நைட் வேடங்களில் தனிக் கதைகளாகவே வளர்ந்தன. இது குழந்தைகளுக்கானது என்று மூத்த ரசிகர்கள் ஒதுக்குவதுண்டு. அது நியாயமல்ல. தொலைக்காட்சியில் புதிய கன்டம் இல்லாத ஆண்டுகளில் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்தவை இந்தக் குட்டிகள்தான்.

தொண்ணூறுகளின் வாசலில் கன்டம் வீடியோ கேசட் சந்தைக்குள் நுழைந்தது. நேரடியாக வீடியோவில் வெளியாகும் ஓவிஏ வடிவத்துக்கு மாலை நேரப் பார்வையாளர் விகிதம் பற்றிய கவலை இல்லை. 1989-இல் ஆறே அத்தியாயங்களில் ‘0080: வார் இன் த பாக்கெட்’ வந்தது. எஸ்டி குட்டிகளை விட்டுவிட்டால் டோமினோ இயக்காத முதல் கன்டம் அது, இயக்கியவர் ஃபுமிஹிகோ தகயாமா. போர் என்றால் விளையாட்டு, இயந்திரம் என்றால் அதிசயம் என்று நினைக்கும் ஆல் என்ற பள்ளிச் சிறுவன். அவனோடு நட்பாகும் பெர்னி என்ற இளம் ஜியோன் சிப்பாய். பக்கத்து வீட்டு கிரிஸ் அக்கா. இந்த மூவரை வைத்துக்கொண்டு, உலகின் போக்கை எந்த விதத்திலும் மாற்றாத ஒரு சிறு சண்டையைச் சொல்கிறார்கள். ரோபோ பொம்மையை ஆசையோடு பார்க்கும் பையனையே நாயகனாக்கி, அந்த ஆசையின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு, அதாவது நமக்கு, காட்டுகிறார்கள். இதற்குப் பிறகு வந்த ‘0083’ இயந்திர அழகில் சிறந்தது, டைட்டன்ஸ் உருவான கதையைச் சொல்வது, மனிதர்களை எழுதுவதில் பலவீனமானது. ‘08-ஆவது எம்எஸ் டீம்’ ஆசியக் காடுகளின் சேற்றில் நடக்கும் காலாட்படைக் கதை. அதன் இயக்குநர் தகேயுகி காண்டா நடுவில் காலமாகி, உமனோசுகே ஈடா முடித்துக்கொடுத்தார். வீடியோ விளையாட்டுகளும் தம் பங்குக்குக் கிளை விட்டன. 1996-இல் சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்த ‘புளூ டெஸ்டினி’ அப்படி விளையாட்டிலேயே பிறந்த ஒரு கதை.

டோமினோவின் பாதை இதற்குள் இருண்டுவிட்டது. பழைய கூட்டணியோடு 1991-இல் செய்த ‘எஃப்91’ தொலைக்காட்சித் தொடராகத் திட்டமிட்டு, ஒரு படமாகச் சுருங்கியது. அதற்குப் பிந்தைய கதை ‘கிராஸ்போன் கன்டம்’ மாங்காவில் தொடர்ந்தது. 1993-இல் ‘விக்டரி கன்டம்’: நாயகனுக்கு 13 வயது, அவனைச் சுற்றியிருப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். அது ஓடி முடியும் தறுவாயில், 1994-இல், சன்ரைஸ் ஸ்டுடியோ பண்டாயின் கைக்குப் போனது. இழுபறியின் ஒரு முனை மறுமுனையையே வாங்கிவிட்டது. அந்த ஆண்டுகளில் தான் கடுமையான மனச்சோர்வில் விழுந்ததாக டோமினோ பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். தொடரைப் பார்த்தால் அது தெரியும்.

கன்டம் பல உலகங்களாக உடைந்தது இந்த இடத்தில்தான். 1994-இல் யாசுஹிரோ இமகவா இயக்கிய ‘ஜி கன்டம்’ பழைய காலக்கோட்டை ஒரேயடியாகக் கைவிட்டது. நாடுகள் போருக்குப் பதிலாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆளுக்கொரு கன்டத்தை அனுப்பி மல்லுக்கட்டவிடுகின்றன. ஜெயித்த நாடு அடுத்த நான்கு ஆண்டு ஆளும். இந்தியாவின் சார்பில் வரும் கன்டம் நாகப்பாம்பு வடிவம். மூத்த ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் முழு மனதோடு, கூச்சமே இல்லாமல் எடுக்கப்பட்ட அந்தத் தொடர் இன்று பலருக்கும் பிரியமானது. கன்டம் எதுவாகவும் ஆகலாம் என்ற கதவைத் திறந்தது அதுதான். 1995-இன் ‘விங்’ ஐந்து அழகான பையன்களை நாயகர்களாக்கிப் பெண் ரசிகர்களைப் பெரிய அளவில் ஈர்த்தது. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அது ஒளிபரப்பானபோது, மேற்கு நாடுகளில் ஒரு தலைமுறைக்குக் கன்டம் என்றாலே விங் என்றானது. 1996-இன் ‘கன்டம் எக்ஸ்’ ஒளிபரப்பு நேர மாற்றத்தில் அடிபட்டு 39 அத்தியாயங்களில் முடிக்கப்பட்டது.

1999-இல் டோமினோ திரும்பி வந்து ‘டர்ன் ஏ கன்டம்’ எடுத்தார். ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படங்களுக்கு வடிவமைப்பு செய்த சிட் மீட் வரைந்த, மீசை வைத்தது போன்ற முகம் கொண்ட வெள்ளைக் கன்டம் அது. நீராவி ரயில் காலத்துக்குத் திரும்பிவிட்ட தொலைதூர எதிர்காலப் பூமி, நிலவிலிருந்து இறங்கிவரும் மக்கள், இரண்டுக்கும் நடுவில் லோரான் என்ற மென்மையான பையன். இதுவரை வந்த எல்லாக் கன்டம் உலகங்களும் மனிதர்கள் மறந்துவிட்ட ஒரே கடந்தகாலத்தில் அடக்கம் என்கிறது தொடர். அந்தப் புதைந்த காலத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கறுப்பு வரலாறு’. ஜி, விங், எக்ஸ் என்று மற்றவர்கள் எடுத்ததையெல்லாம் தள்ளிவைக்காமல் தன் கதையின் மண்ணுக்குள் ஏற்றுக்கொண்டார் டோமினோ. விக்டரியின் கசப்பிலிருந்து வெளிவந்த மனிதர் இப்படி ஒரு கனிவான படைப்பைத் தந்தார் என்பதே எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் நெகிழ்ச்சியான பகுதி. துணி துவைப்பதும் ரொட்டி சுடுவதும் மாடு ஓட்டிப்போவதும் அதில் போருக்கு இணையான இடம் பெறுகின்றன.

அதற்குப் பின்வந்தவற்றை வேகமாகக் கடக்கிறேன். 2002-இன் ‘சீட்’ முதல் தொடரின் எலும்புக்கூட்டை எடுத்து, மரபணு மாற்றப்பட்ட மனிதர்களுக்கும் இயல்பாய்ப் பிறந்தவர்களுக்கும் நடக்கும் போராக மாற்றி, 21-ஆம் நூற்றாண்டின் பெருவெற்றியானது. மிட்சுவோ ஃபுகுடா இயக்கம். அதன் தொடர்ச்சியான ‘டெஸ்டினி’ தன் நாயகனையே நடுவழியில் மறந்துவிட்ட தொடர் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் 2024 ஜனவரியில் வந்த ‘சீட் ஃபிரீடம்’ திரைப்படம் 500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, அதுவரை வந்த கன்டம் படங்களையெல்லாம் தாண்டியது. 2007-இன் ‘டபுள் ஓ’ நம்முடைய கிறிஸ்து ஆண்டுக் கணக்கிலேயே, 2307-இல் நடக்கிறது. எல்லாப் போர்களையும் ஆயுதத்தால் நிறுத்த முயலும் ஒரு சிறு குழு செய்வது சரியா என்பது கேள்வி. ‘ஏஜ்’ மூன்று தலைமுறையைச் சொல்ல முயன்று எடுபடவில்லை. 2015-இன் ‘அயர்ன் பிளட்டட் ஆர்ஃபன்ஸ்’ சிறார் சிப்பாய்களைப் பற்றியது, கொடூரமானது, நேர்மையானது.

இதற்கிடையில் பழைய உலகமும் தழைத்தது. முதல் தொடரின் பாத்திரங்களை வரைந்த யாசுஹிகோ 2001 முதல் பத்தாண்டு உழைத்து ‘தி ஆரிஜின்’ மாங்காவில் முழுக் கதையையும் தன் கையால் மறுபடி சொன்னார். ஷாரின் சிறுவயது அதில்தான் முழுமையாக வருகிறது. ஹருதோஷி ஃபுகுயின் நாவலிலிருந்து 2010 முதல் 2014 வரை ‘யூனிகார்ன்’ வந்தது. முதல் தொடரிலிருந்து ஷாரின் கடைசிப் போர் வரை தெரிந்தவர்களுக்கு மட்டுமே அதன் முழு ருசி கிடைக்கும். டோமினோ 1989-இல் எழுதத் தொடங்கிய ‘ஹாத்தவே’ நாவல் 2021-இல்தான் திரைப்படமாகத் தொடங்கியது. முதல் தொடரின் கப்பல் தலைவர் பிரைட்டின் மகன் பயங்கரவாதத் தலைவனாகும் கதை அது. 2009-இல் டோக்கியோவின் ஒடைபாவில் 18 மீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்ட கன்டம் சிலையைப் பார்க்க 40 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

அண்மையவை இரண்டு. 2022-இன் ‘விட்ச் ஃபிரம் மெர்குரி’ முதன்மைத் தொலைக்காட்சித் தொடர்களில் பெண்ணை நாயகியாகக் கொண்ட முதல் கன்டம். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, ஆயுத நிறுவனங்களின் சதிக்குள் நுழைகிறது. 24 அத்தியாயங்கள்தான், புதியவர்களுக்கு ஏற்றது. 2025-இன் ‘ஜிகுவாக்ஸ்’ கசுயா ட்சுருமாகி இயக்கியது, சன்ரைஸோடு காரா ஸ்டுடியோ கைகோத்தது. 1979-இன் முதல் அத்தியாயத்தில் அமுரோவுக்குப் பதிலாக ஷார் கன்டத்தைக் கைப்பற்றி, ஜியோன் போரில் ஜெயித்திருந்தால்? இந்த ஒரு கேள்விதான் அதன் அடித்தளம். முதல் தொடர் தெரியாதவர்களுக்கு அதன் பாதி கையில் சிக்காது.

இனி எங்கே தொடங்குவது? வரைகலை பழையதாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் முதல் மூன்று படங்கள், பிறகு ஸீட்டா தொடர், பிறகு ஷார்ஸ் கவுன்ட்டர்அட்டாக், பிறகு யூனிகார்ன், ஹாத்தவே. டபுள் ஸீட்டாவை நேரமிருந்தால் நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸீட்டாவுக்கும் 2005 முதல் மூன்று சுருக்கப் படங்கள் உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடாதீர்கள், கமீலின் முடிவை அவற்றில் டோமினோ மாற்றிவிட்டார். தொடரின் முடிவைத் தாங்கியவர்களுக்குத்தான் அந்த மாற்றத்தின் மதிப்பு தெரியும். பழைய படங்கள் ஒத்துவராது என்றால் விட்ச் ஃபிரம் மெர்குரி அல்லது அயர்ன் பிளட்டட் ஆர்ஃபன்ஸ், இரண்டுக்கும் முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். வாரக்கடைசியில் ஒரே ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால் 0080. ஆறு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் பாருங்கள். ஐந்தாவதோடு நிறுத்தி மீதியை நாளைக்கு என்று வைத்தால், ஆறாவது உங்களைத் தாக்க வேண்டிய விதத்தில் தாக்காது.